சிஸ்டரம்மாவின் புறங்கை

2023-ஆம் ஆண்டு மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. வானத்தில் மேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கூடத்துச் சுவரில் தொங்கிய வெப்பமானி முப்பத்துநான்கு காட்டியது. என் மடியிலிருந்த லேப்டாப் எழுபத்தொன்று காட்டியது.

கூட்டுறவுச் சங்கங்களில் முப்பத்தாறு ஆண்டுகள் தணிக்கை செய்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு தணிக்கை செய்ய வேறு ஒன்றும் கிடைக்காததால் வீட்டில் இருப்பதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். பெங்களூரில் இருக்கும் மகள் புது லேப்டாப் வாங்கியபோது பழையதை எனக்கு அனுப்பிவைத்தாள். "அப்பா, இதுல பேப்பர் படிங்க, தண்ணி லாரிக் கணக்கு எழுதுங்க, பாட்டுக் கேளுங்க. எங்களை மட்டும் கொஞ்சம் விட்டுருங்க" என்றாள்.

கட்டிலில் காலை நீட்டி, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொள்வது என் வழக்கம். அரை மணி நேரத்தில் தொடை சுடும். "மடியில தோசைக்கல்லை வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க" என்பாள் என் மனைவி. தோசைக்கல் எவ்வளவு சூடு, இது எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க என்னால் முடியவில்லை. திரையின் மூலையில் சூட்டை எண்ணாகக் காட்டும் ஒரு செயலியைத் தேடிப் பிடித்து இறக்கினேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று. மனிதன் நாற்பத்திரண்டு டிகிரியில் பிழைப்பது கடினம். இது எழுபத்தொன்றில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

மகளைப் போனில் கூப்பிட்டேன். உள்ளே இருக்கும் சில்லுக்கு அதெல்லாம் சாதாரணம் என்றாள். "தலையணையை மட்டும் எடுத்துருங்கப்பா. அடியில காத்துப் போகணும்." நான் தலையணையை எடுத்துவிட்டு இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன். குழிகள் வழியாகக் காற்றுப் போகும் அல்லவா. என் கண்டுபிடிப்பு மாலை ஆறரை வரை நீடித்தது.

"ஏனுங்க, தட்டைக் குடுங்க. இட்லி ஊத்தோணும்."

"கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்குது."

"அப்பக் கம்ப்யூட்டரைத் தின்னுட்டுப் படுத்துக்கோங்க."

மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை இதற்கு மறுநாள். லேப்டாப் மீண்டும் தலையணைக்கு வந்திருந்தது, எண் எழுபத்தொன்றுக்கு ஏறியிருந்தது. நான் அதை அணைப்பதா, வாளித் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் முருங்கைக்காய் கொடுக்க சிஸ்டரம்மா வந்தார்.

எங்கள் அடுக்ககம் பெரியநாயக்கன்பாளையத்துக்குச் சற்று முன்னால், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மூன்று மாடி, பதினெட்டு வீடு. தரைத்தளத்தில் எங்கள் எதிர்வீடு அவருடையது. பக்கத்தில் ஒரு பெரிய மில்லின் மருந்தகத்தில் வெகுகாலம் நர்ஸாக இருந்தவர். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. எழுபத்துமூன்று வயதுக்கு நேராக நடப்பார். கைக்கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உட்பக்கம் இருக்கும்படி கட்டியிருப்பார். வலது கையின் நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். அந்த வலது கையின் புறத்தைத்தான் எங்கள் பதினெட்டு வீடும் நம்பியிருந்தது.

எதைக் கண்டாலும் அவருடைய புறங்கை அதன்மேல் போய் அமரும். குழந்தையின் நெற்றி, காவலாளியின் கழுத்து, கேஸ் சிலிண்டர், மீட்டர் பெட்டி, தர்பூசணி. ஒருமுறை ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் முதுகில் கையை வைத்துவிட்டு, "இதுக்குச் சொகமில்லீங்க, அமத்துங்க" என்றார். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் உள்ளே கம்பிச்சுருள் கருகியிருக்கும் என்று சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் சங்கச் செயலாளர் கூட்டங்களில் அவரை 'நம்ம சிஸ்டரம்மா' என்று அழுத்திச் சொல்ல ஆரம்பித்தார்.

தெர்மாமீட்டரை அவர் மதித்ததே இல்லை. அதற்கு அவரிடம் காரணம் இருந்தது. மில்லில் ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் லீவுச்சீட்டு வாங்க வரிசை நிற்குமாம். ஒருவன் அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு வருவான். ஒருவன் சூடான டீயை வாயில் அடக்கிக்கொண்டு வருவான்.

"குச்சி நூத்தி ரெண்டு காட்டுமுங்க. பொறங்கைய நெத்தியில வெச்சாப் போதும், கள்ளன் சிரிச்சுப்போடுவான்" என்பார். "டாக்டரே குச்சிய நம்பி ஏமாந்திருக்காரு. நா ஏமாந்ததில்லீங்க."

எண்களை நம்பி வாழ்ந்த எனக்கும் அவருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்று இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கலாம். அவர் பேசுவார், நான் கவலைப்படுவேன். பொழுது போய்விடும்.

அன்று முருங்கைக்காயை மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "என்னாச்சுங்க சார்?"

"எழுபத்தொன்னுங்க."

"வயசா?"

"லேப்டாப்புங்க. வெடிச்சிருமோன்னு இருக்குது."

அவர் அதைத் தூக்கச் சொல்லி, அடிப்பாகத்தில் புறங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். எனக்கே என் நெற்றியில் கை வைத்ததுபோல் இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க. இளஞ்சூடு. கொழந்த தூங்கி எந்திரிச்சாப்பல இருக்குது. நீங்க பாட்டுக்கு வெச்சுப் பாருங்க."

இந்த இடத்தில் யாரும் கேட்கக்கூடிய கேள்வி, உன் தொடை சுடவில்லையா என்பது. சுட்டது. ஆனால் என் உடம்பு எதையும் மிகைப்படுத்தும் இயல்புடையது. தும்மலை நிமோனியா என்றும் வாயுவை மாரடைப்பு என்றும் என்னிடம் பலமுறை பொய்யறிக்கை கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட தொடையின் சொல்லையும் ஒரு முன்னாள் நர்ஸின் கையையும் எதிரெதிரே வைத்தால் எந்தத் தணிக்கையாளனும் கையைத்தான் ஏற்பான். செயலியை நீக்கினேன். தலையணை நிரந்தரமாயிற்று.

ஆனாலும் பழக்கம் விடுமா. வாரத்தில் இரண்டு மூன்று மாலை, லேப்டாப் சுட ஆரம்பித்ததும் அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே ஏற்கெனவே யாராவது ஒரு தாய் குழந்தையுடன் உட்கார்ந்திருப்பாள். என் முறைக்குக் காத்திருப்பேன். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பெண், வங்கியில் வேலை பார்ப்பவள், கேட்டே விட்டாள்: "சார், உங்க கொழந்தைக்குத் தடுப்பூசியெல்லாம் போட்டாச்சுங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரம்மா சிரிக்காமல் துண்டை விலக்கி, புறங்கையை வைத்து, "இளஞ்சூடு" என்பார். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய் அதைத் தலையணைமேல் வைத்துக்கொள்வேன்.

செப்டம்பர் கடைசியில் லேப்டாப்பின் விசைப்பலகைக்குக் கீழே இருக்கும் தொடுபலகை ஒரு பக்கம் மேலெழும்பியது. அழுத்தினால் அமுங்கவில்லை. டவுனில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் திருகுகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்தார். உள்ளே பேட்டரி, எண்ணெயில் போட்ட பூரியைப்போல உப்பியிருந்தது. காற்றாடியில் தலையணைப் பஞ்சு அடைத்திருந்தது.

"மெத்தையில வெச்சு ஓட்டுனீங்களா சார்?"

"தலையணை."

"இத்தனை மாசமா அனலா அடிச்சிருக்குமே. தொட்டுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமுங்க."

"தொட்டுப் பார்க்க ஆள் வெச்சிருந்தேன்" என்றேன்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

எனக்குக் கோபம். முப்பத்தாறு ஆண்டுப் பழக்கத்தில், வெறுங்கையோடு போய்க் குற்றம் சொல்ல எனக்கு வராது. ஆதாரம் வேண்டும். புதுப் பேட்டரி போட்ட லேப்டாப்பைத் தலையணையில் வைத்து, ஒரு மணி நேரம் சினிமா ஓடவிட்டு, நன்றாகப் பழுக்கவைத்து எதிர்வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

"மறுபடியுமா சார்? குடுங்க" என்று புறங்கையை அடியில் வைத்தார். அவர் கைக்குப் பக்கத்திலேயே நானும் என் விரல்களை வைத்தேன். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி வந்ததைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து எண்ணுவதற்குள் என் விரல்கள் தாளாமல் வெளியே வந்துவிட்டன. அவருடைய கை அங்கேயே இருந்தது. பூச்சி மருந்து அடிக்க ஆள் வரவில்லை என்றார். கை அங்கேயே இருந்தது. சாம்பல் தூவலாம் என்று பக்கத்துவீட்டில் சொன்னார்களாம். நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் பாதியில் எண்ணுவதை நிறுத்தியது அப்போதுதான்.

"இளஞ்சூடுதானுங்க" என்று கையை எடுத்தார்.

பிறகு என் விரல்களைப் பார்த்தார். சிவந்திருந்தன. தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். அது இன்னும் சிவந்திருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

சண்டை போட வந்தவன், "ஆமாங்க, இளஞ்சூடுதான்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அதன்பின் லேப்டாப் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எங்கள் அடுக்ககத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏழு. எண்ணிவைத்திருந்தேன். எந்தக் குழந்தைக்கு உடம்பு சுட்டாலும் முதலில் போவது எதிர்வீட்டுக் கதவுக்கு. அந்தக் கை 'காய்ச்சல் இல்லை' என்றால் தாய்மார்கள் மாடியேறிவிடுவார்கள். யாரிடம் சொல்வது? மேல்நிலைத் தொட்டியில் விரிசல் என்று நான் ஒருமுறை அவசரக் கூட்டம் கூட்டியிருக்கிறேன். அது ஒட்டடை. என் பேச்சுக்கு அங்கே இருந்த மதிப்பு அவ்வளவுதான். ஒருவேளை நம்பிவிட்டார்கள் என்றால், அந்த அம்மாளின் கதவை அப்புறம் யார் தட்டுவார்கள்? இரண்டு பக்கமும் யோசித்து, எந்தப் பக்கமும் முடிவெடுக்காமல், மருந்துக்கடையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கோழைகள் செய்யக்கூடிய வீரச்செயல் அது ஒன்றுதான்.

எட்டாம் நாள் காலை. வங்கிப் பெண் தன் பத்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவந்தாள். நான் எதிர்வீட்டுக் கதவருகே செய்தித்தாள் படிப்பவனைப்போல நின்றேன். சிஸ்டரம்மா புறங்கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். கழுத்தில் வைத்தார். வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. குழந்தையின் கண்ணைப் பார்த்தார், ஈறை அழுத்திப் பார்த்தார்.

"காச்சலாட்ட இல்ல கண்ணு. பல்லு வருது, அதா சிணுங்குது."

நான் உள்ளே போய்விட்டேன். சட்டைப்பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினேன்.

"ஒரு தடவை இதையும் வெச்சுப் பாத்துருங்க."

வங்கிப் பெண் சிரித்தாள். "சார், லேப்டாப் முடிஞ்சு இப்ப எங்க ஊட்டுக் கொழந்தைய ஆடிட் பண்றீங்களா?"

"எனக்காகங்க. எனக்கு மனசு கேக்காது" என்று என்னவோ உளறினேன்.

சிஸ்டரம்மா என்னைப் பார்த்தார். வெளியே போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் போயிருப்பேன். அதற்குமேல் துணிவு என்னிடம் இல்லை.

"சாரு பயந்தாங்கொள்ளி" என்றார் அவளிடம். "வெச்சுப் பாக்காட்டி பொழுதோட வரைக்கும் வாசல்லயே நிப்பாரு. குடுங்க, அவுரு நிம்மதிக்கு ஒருக்கா பாத்துப்போடலாம்."

வாங்கிக் குழந்தையின் அக்குளில் வைத்தார். தெர்மாமீட்டர் கூவியதும் எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "கண்ணாடி உள்ள கெடக்குது. என்ன நெம்பருங்க?"

"நூத்தி மூணு."

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. சிஸ்டரம்மா நொடிகூடத் தயங்கவில்லை.

"சட்டையக் கழட்டு கண்ணு. தண்ணியில துணிய நனைச்சுத் தொடச்சுட்டே போ. ஆஸ்பத்திரிக்கு இப்பவே கெளம்போணும். சார், ஆட்டோவக் கூப்புடுங்க. குச்சியப் புடிச்சுட்டு நின்னு வேடிக்கை பாக்காதீங்க."

சிறுநீரில் தொற்று என்றார்கள். மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகக் குழந்தையின் தகப்பன் வந்து சொன்னான். சிஸ்டரம்மாவிடம்தான் சொன்னான். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான்.

குழந்தை திரும்பி வந்த மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார்.

"எப்ப இருந்துங்க?" என்றேன்.

"ரெண்டு வருசமிருக்குமுங்க. மொதல்ல விரலு நுனி மதமதன்னு ஆச்சு. பொறவு பொறங்கையும். சக்கரைங்க."

"டாக்டர்கிட்டக் காமிச்சீங்களா?"

"காமிச்சேன். மாத்திரை குடுத்தாரு. போனது போனதுதானுங்க."

"அப்புறமும் ஏனுங்க தொட்டுப் பாத்தீங்க?"

"கதவத் தட்டறாங்களே சார். கையக் கட்டிட்டு நிக்கச் சொல்றீங்களா? மூச்சப் பாத்து, கண்ணப் பாத்து, பால் குடிச்சுதான்னு கேட்டுச் சொல்லிட்டிருந்தேன். பத்துக்கு ஒம்பது செரியாத்தா வந்துச்சு."

"மீதி ஒண்ணு?"

தணிக்கையாளனின் வாய். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அந்த ஒண்ணுக்குத்தானுங்க உங்ககிட்ட வந்தேன்" என்றார். "யாரு கொழந்தையக் கொண்டாந்தாலும் நீங்க வந்து பயந்துக்கோணும். நா உங்களை வைவேன். வஞ்சுபோட்டுக் குச்சிய வெச்சுப் பாத்துக்கறேன். ஆருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல."

"எல்லாரும் சிரிப்பாங்களே."

"இப்ப மட்டும் சிரிக்காமயா இருக்காங்க?"

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். தெர்மாமீட்டர் இருந்தது.

அதன்பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நான் முழுநேரப் பயந்தாங்கொள்ளியாக இருந்தேன். எதிர்வீட்டில் குழந்தை அழும் சத்தம் கேட்டால் லேப்டாப்பை மூடிவிட்டு ஓடுவேன். "வந்துட்டாருங்க நெம்பருகாரரு" என்று அவர் தொடங்குவார். முதலில் புறங்கை, பிறகு குச்சி. எண் அதிகமாக வந்தால், "நா அப்பவே நெனச்சேன்" என்பார். எண் சரியாக இருந்தால், "பாத்தீங்களா, சும்மா சும்மா கொழந்தையப் படுத்தறாரு" என்பார். கணக்கில் இரண்டு பக்கமும் எனக்கே நட்டம். நாளாக ஆக அவருடைய வசவில் ஒரு ருசி சேர்ந்துகொண்டே போனது. சில நாள் அது நடிப்புதானா என்று எனக்கே ஐயம் வரும். பிள்ளைகள் என்னைக் குச்சித் தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் மனைவி மாடிக்கு மாடி போய், "அவுரு சுபாவமே அப்பிடித்தானுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று மன்னிப்புக் கேட்டுவந்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் நான் சொல்வதை நம்பமாட்டாள் என்பதும் ஒரு காரணம்.

ஒன்றரை ஆண்டில் காய்ச்சல் ஒன்றும் தவறவில்லை. லேப்டாப்பின் சூட்டைப் பற்றி அவர் பிறகு ஒருமுறையும் கேட்கவில்லை. அது மேசைக்கு மாறிவிட்டது.

2025 ஏப்ரலில் அவர் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் தம்பி மகள் வீட்டோடு இருக்கப் போனார். கால்களிலும் மரப்பு வந்து, வாசல்படி இறங்கும்போது தடுமாறத் தொடங்கியிருந்தார். மொட்டைமாடியில் பிரிவு உபசாரம். செயலாளர் பேசினார். "நம்ம சிஸ்டரம்மா கையி ராசியான கையி. அந்தக் கையோட சேத்து நம்ம சார் குடுத்த தொந்தரவையும் இத்தனை நாளு பொறுத்துக்கிட்டாங்க பாருங்க, அதுக்கே தனியா ஒரு சால்வை போடோணும்." கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். வேறென்ன செய்வது.

சிஸ்டரம்மா எழுந்து நின்றார். சால்வையின் நுனியை வலது கையில் பிடித்திருந்தார். பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

"நா போனாலும் சாரு இங்கதான் இருப்பாரு" என்றார். "கொழந்தைக்கு ஒடம்பு கொஞ்சம் சுட்டாலும் அவுருகிட்டக் கொண்டுபோய்க் குச்சி வெச்சுக் காட்டிப்போடுங்க. காட்டாட்டி அவுரு உங்களைத் தூங்க விடமாட்டாரு. எனக்காக இந்த ஒண்ணச் செய்யுங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரமே இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குழந்தை வந்தது. "சிஸ்டரம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க, உங்க ஆசைக்குப் பாத்துக்கோங்க சார்" என்றாள் அதன் தாய். பார்த்தேன். நூற்றொன்று. ஆட்டோ வந்தது. பிறகு வரிசையாக வந்துகொண்டிருக்கிறார்கள். என்னை வைய ஆள் இல்லாததால் தாய்மார்களே அந்தப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார்கள்.

லேப்டாப் பேட்டரி மூவாயிரத்து எண்ணூற்றைம்பது. காற்றாடியில் பஞ்சு எடுத்த கூலி எழுநூறு. முதல் தெர்மாமீட்டர் இருநூற்றறுபது. அதை ஒரு குழந்தை கடித்துவிட்டதால் வாங்கிய இரண்டாவது இருநூற்றெழுபத்தைந்து. அதற்குப் பட்டன் பேட்டரி மூன்று, நூற்றிருபது. சிஸ்டரம்மா என்னைப் பொறுத்துக்கொண்டதற்காகப் போட்ட சால்வையில் என் பங்கு முந்நூறு. ஆக மொத்தம் ஐயாயிரத்து ஐந்நூற்று ஐந்து ரூபாய்.